கொய்யா மரம் இருந்த இடத்திலிருந்து தெற்கே

திங்கட்கிழமை காலை, காபி ஆறுவதற்குள், எங்கள் வீட்டின் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தேன்.

"யாதிரா, உலகத்தையே ஒரே கம்பெனி கையில வச்சிருக்கு. எதைத் தேடுனாலும் அவன்கிட்டதான் போய் நிக்கணும். இன்னியிலேர்ந்து நம்ம வீட்ல வேற தேடுபொறி. சின்னக் கம்பெனி, யாரையும் வேவு பார்க்காது."

"சரிங்க. பெரிய கம்பெனியைக் கவுக்குறதுக்கு முன்னாடி குப்பையை வெளியில வச்சிடுங்க."

கொள்கை பாதி, கள்ளம் பாதி. வியாழக்கிழமை எங்கள் இருபத்தைந்தாம் கல்யாண நாள். போன வருடம் அவளுக்காகக் கம்மல் தேடினேன். வீட்டில் இருவருக்கும் ஒரே கணினி. அன்று மாலையிலிருந்து அவள் எதைத் திறந்தாலும் கம்மல் விளம்பரம். "ரெண்டாவது நல்லாருக்கு" என்று சொல்லி என் ரகசியத்தை முடித்து வைத்தாள். இந்த முறை எங்கள் கல்யாணத்தில் சாப்பிட்ட, மூன்று வகைப் பாலில் ஊறிய அதே 'மூணு பால்' கேக், அதைச் செய்த மிரெயா அம்மாளின் கையாலேயே. ஒரு தடவையாவது என் மனைவி ஆச்சரியத்தில் வாயைப் பிளக்க வேண்டும். அதற்காக எந்தக் கம்பெனியையும் பகைத்துக்கொள்ள நான் தயார்.

புதிய தேடுபொறி நாணயமானது. வேவு பார்க்கவில்லை, எதையுமே பார்க்கவில்லை. மிரெயா என்று கேட்டால் ஸ்பெயினில் ஒரு பல் டாக்டரைக் காட்டியது. பக்கத்து வீட்டு எலியேசரிடம் போனேன்.

"மிரெயாவா? கொய்யா மரம் இருந்த இடத்துலேர்ந்து தெற்கே இருநூறு மீட்டர். பச்சை கேட்டு."

"எந்தக் கொய்யா மரம்?"

"அதை வெட்டி எவ்வளவோ வருஷமாச்சு எர்னான். நீ லிமோன் ஊர்லேர்ந்து மாப்பிள்ளையா வந்தவன், உனக்கெங்க தெரியும்?"

"யாதிராகிட்ட சொல்லிடாதீங்க."

"நானா?" என்றார், மார்பில் கை வைத்து.

கோஸ்டாரிக்காவில் பாதி முகவரிகள் இப்படித்தான், செத்துப்போன மரத்திலிருந்து ஆரம்பிக்கும். மளிகைக் கடையில் கேட்டேன். முடிவெட்டுகிறவரைக் கேட்டேன். மாதா கோவில் வாசலில் லாட்டரி விற்கிறவளைக் கேட்டேன். ஆளுக்கொரு மரம் சொன்னார்கள். எல்லோரிடமும் வெளியே சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கினேன். மழை பிடித்துக்கொண்டது. கைப்பேசி அடித்தது.

"எங்க நிக்கிறீங்க?" யாதிராதான்.

"ஆபீஸ்ல."

"ஆபீஸுக்கு எதிர்ல என்ன இருக்கு?"

"டயர் கடை."

"அங்கதான் கொய்யா மரம் இருந்துச்சு. அப்படியே மலைக்கு முதுகைக் காட்டி நடங்க, அதுதான் தெற்கு. குடை எடுத்துட்டுப் போகலையா?"

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லலைன்னு கேளுங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் எங்கேயோ நனைந்துகொண்டு நிற்க, ஒருத்தி வீட்டிலிருந்தே வழி சொல்கிறாளே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. இருந்தாலும் கேக்கின் அளவாவது என் ரகசியமாக இருக்கட்டும் என்று வேகமாக நடந்தேன்.

பச்சை கேட்டைத் திறந்த மிரெயா அம்மாள் தலை துவட்டத் துண்டு நீட்டினாள்.

"வியாழக்கிழமைக்கு ஒரு மூணு பால் கேக் வேணும்மா. இருக்கறதிலேயே பெரிசா."

"உன் வீட்டுக்காரி போன மாசமே சொல்லிட்டுப் போயிட்டாளே தம்பி. 'கேக் நெனப்பை அவர் காதுல போட்டு வச்சிருக்கேன், தானா தோணின மாதிரி வந்து கேப்பாரு, நீங்களும் நம்புற மாதிரியே காட்டிக்குங்க. சர்க்கரை மட்டும் கம்மியா போடுங்க, அவருக்கு ஆகாது'ன்னு."