சந்தனம் பூசிய இசைப்பெட்டி

ஜொகூர் மாநிலத்திலேயே கரண்டை நம்பாத ஒரே எலெக்ட்ரீஷியன் எங்கள் சாவி அங்கிள்தான். பந்தயம் கட்டத் தயார்.

பெர்மாஸ் ஜெயாவில் ஒரு வாடகை வீட்டில் நான்கு பேர் தங்கியிருந்தோம். எல்லோருக்கும் சிங்கப்பூரில் வேலை. அங்கிள்தான் மூத்தவர், ஐம்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி. பகலெல்லாம் ஊரார் வீட்டுக்கு ஒயரிங் செய்துவிட்டு வந்து, "பிளக்ல சொருகினா பாடுறதெல்லாம் பாட்டாடா? சாவி குடுத்தா பாடணும்லா!" என்பார்.

அவரிடம் நூறு வயதைத் தாண்டிய இசைப்பெட்டி ஒன்று இருந்தது. சாவியை முறுக்கினால் தோசைக்கல் அளவு இரும்புத் தட்டு சுழலும். அது சுழலச் சுழல, உள்ளே இருக்கும் எஃகுச் சீப்பின் பற்கள் அதிர்ந்து பாடும். கேட்டால் சொக்கிப்போவீர்கள். நானும் சொக்கிப்போனேன், அவரிடம்தான் சொல்லவில்லை. ஆனால் அது இருந்த அறையில் மின்விசிறி போடக்கூடாது. பெட்டிக்குத் தூசி ஆகாதாம். நாங்கள் வியர்த்துக் கிடந்தோம்.

அந்த வருடம் எனக்குப் பெண் பேசினார்கள். பெண்ணின் அப்பா பொந்தியானில் லாரி பட்டறை வைத்திருந்தார். பழைய இயந்திரம் என்றால் அவருக்கு உயிர். நான் போனில் இசைப்பெட்டியைப் பற்றி அளந்துவிட, "நீங்க தங்கியிருக்கிற இடத்தையும் பாத்த மாதிரி இருக்கும்" என்று கிளம்பி வந்துவிட்டார். வந்த நாள், ஆயுத பூஜை!

அன்றைக்கு அங்கிளிடம் யாரும் பேச முடியாது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஸ்குரூடிரைவர், பிளையர் எல்லாம் பொட்டு வைத்துப் படுத்திருந்தன. மறுநாள் காலைவரை எதையும் தொடக்கூடாது. என் நகவெட்டியைக்கூட ஆயுதம் என்று அள்ளி வைத்துவிட்டார். நடுவில் மாலையும் சந்தனமுமாக இசைப்பெட்டி.

"ஒரு பாட்டு போடுங்களேன்" என்றார் பெண்ணின் அப்பா.

"இன்னிக்கு அதுக்கு லீவுங்க."

"இதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்."

அவர் முகம் சுருங்கியது. அங்கிள் என்னை ஒரு பார்வை பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு சாவியை முறுக்கினார்.

பாட்டு வந்தது. துள்ளி ஓட வேண்டிய பாட்டு, சவ ஊர்வலம் மாதிரி இழுத்து இழுத்து வந்தது. பக்தி முற்றிப்போய், வேகத்தைக் கட்டுப்படுத்தும் குட்டிக் காற்றாடிக்கும் மனிதர் சந்தனம் அப்பியிருக்கிறார்! பாதியில் நின்றும் போனது.

"நல்ல காரியம் பேசுற எடத்துல இது என்ன சகுனம்?" பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். போச்சு, என் கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"அலமாக்! உக்காருங்கண்ணே. தப்பு என்னோடது, தம்பி மேல ஒண்ணும் இல்ல." சொல்லிக்கொண்டே அங்கிள் பூஜையிலிருந்த ஸ்குரூடிரைவரை எடுத்தார். நகம் வெட்டவிடாத மனுஷன்!

பெட்டி திறந்ததும் பட்டறைக்காரருக்குக் கை பொறுக்கவில்லை. "மெதுவா, மெதுவா... ஸ்பிரிங் தெறிச்சிடும்" என்று பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தார். இருவருமாகப் பல் துலக்கும் பிரஷ்ஷால் சந்தனத்தைச் சுரண்டினார்கள். என் பிரஷ்தான், வேறு யாருடையது? அரைமணி நேரத்தில் பாட்டு துள்ளிக்கொண்டு ஓடியது. பெண்ணின் அப்பா சிரித்துக்கொண்டே, "தம்பி, நாள் பாத்துடலாம்" என்றார்.

அவரை வழியனுப்பிவிட்டு, "சாமி குத்தம் ஆயிடாதா அங்கிள்?" என்றேன்.

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ போய் அந்தப் பொண்ணுகிட்ட பேசு."

பேசிவிட்டு வந்து அறையை எட்டிப் பார்த்தேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால் அங்கிள் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வயதில், முழங்கால் வலியோடு, எனக்காக. நானும் உள்ளே போய் அவர் பக்கத்தில் நின்று காதைப் பிடித்துக்கொண்டேன்.