ஒரே கேபிளில் மூன்று ஒன்றாம் நம்பர்கள்

பேரன்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனாரின் ஆசிகள். இங்கு நானும் ஸ்கேனரும் நலம். அங்கு என் மகளும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும்; முக்கியமாக நீங்கள். இந்தக் கேபிளை மாட்டிவிட்டுப் போனவர் நீங்கள்தானே.

என் ஸ்கேனர், உங்கள் மாமியாரின் பிரிண்டர், மாடியில் குடியிருக்கும் என் மைத்துனரின் டிஸ்க் பெட்டி, மூன்றையும் ஒரே கேபிளில் கோத்து கம்ப்யூட்டரில் சொருகினீர்கள். "மாமா, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி குட்டிச் சக்கரம் இருக்கு. ஆளுக்கொரு நம்பர் வைங்க. கூப்பிட்ட நம்பர் மட்டும்தான் பதில் சொல்லணும். ஏழாம் நம்பரைத் தொடாதீங்க, அது கம்ப்யூட்டரோடது. எல்லாருக்கும் பெரியவர் அவர்தான்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினீர்கள். எல்லாம் சரி, யாருக்கு ஒன்று என்று சொன்னீர்களா? வீட்டுக்கு மூத்தவன் என்ற முறையில் நான் ஒன்று வைத்தேன். "ஏன், என் பிரிண்டர் மட்டும் இளப்பமா?" என்று உங்கள் மாமியார் அதையும் ஒன்றுக்குத் திருப்பினாள். அக்காவுக்கு ஒரு நியாயம், தம்பிக்கு ஒரு நியாயமா என்று மைத்துனரும் திருப்பிவிட்டார். இனிச் சண்டையில்லை என்று நிம்மதியாக, அக்கா தம்பி இருவருடைய அப்பாவின் ஒரே படத்தை, செல்லரித்துப்போனதை, ஸ்கேனரில் வைத்தேன். கம்ப்யூட்டர் ஒன்றைக் கூப்பிட்டது. மூன்றும் 'இதோ வந்துட்டேன்' என்று ஒரே நேரத்தில் கத்தின. பிரிண்டர் வெற்றுத் தாளாகத் துப்பித் துப்பி, கடைசித் தாளில் என் மாமனாரின் மீசையை மட்டும் கொடுத்தது. "எங்கப்பா எங்கே?" என்று உங்கள் மாமியார் ஓவென்று அழ, "மீசை வந்திருக்கில்ல, பின்னாடியே அவரும் வருவார்" என்று நான் ஆறுதல் சொன்னது பெரிய தப்பாப் போச்சு. அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. உப்பு வேண்டுமா என்பதைக்கூட மைத்துனர் மாடியிலிருந்து இறங்கி வந்து கேட்கிறார். ரொம்பக் கஷ்டமா இருக்கு மாப்பிள்ளை. அவ பேசாத வீடு ஒரு வீடா?

ஆகவே இன்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒன்றை அவளுக்கே விட்டுக்கொடுத்தேன். மைத்துனருக்கு இரண்டு. நான் மூன்று. "சரி, சாயங்காலம் படத்தைப் போட்டுப் பார்க்கலாம்" என்றாள், என் முகத்தைப் பார்த்தே! எனவே நீங்கள் லீவு போட்டு வர வேண்டிய அவசியமே இல்லை.

மகளுக்கு என் அன்பு. இருவரும் எந்தக் குறையுமின்றி நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மாமனார் (மூன்று)

பின்குறிப்பு: மூன்று என்று எழுதிப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் என் ஸ்கேனரை ஏழுக்குத் திருப்பிவிட்டேன். இப்போது கம்ப்யூட்டர் திரையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லா இடத்திலும் என் ஸ்கேனரே உட்கார்ந்திருக்கிறது. பிரிண்டரையும் காணோம், பெட்டியையும் காணோம். உங்கள் மாமியார் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்பா படத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். திரையிலும் நான் மட்டும்தான், வீட்டிலும் நான் மட்டும்தான். உடனே கிளம்பி வாங்க. வந்ததும் முதல்ல மாடிக்குப் போயிட்டு வாங்க.