எட்டாவது மாடியில் இறங்கினேன்

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படித்தான் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். முதலில் உங்களைத் திட்டிவிட்டுத்தான் நன்றி சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் பொழுது போகட்டும் என்று ஒரு நாவலை என் பையில் திணித்தீர்களே, அது பஸ்ஸோடு நிற்கவில்லை, ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள்ளும் வந்துவிட்டது. பதினோரு வருஷமாக அந்த லிஃப்டை ஓட்டுகிறேன், ஒருநாளும் மாடி மாறியதில்லை. போன திங்கட்கிழமை கதாநாயகி பெட்டியோடு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள், நான் பக்கத்தைப் புரட்டுகிறேன், பல் டாக்டரைக் கொண்டுபோய்ச் சலவைக்கூடத்தில் இறக்கிவிட்டேன். அவரும் போன் பேசிக்கொண்டே இறங்கி, அழுக்குத் துணி மூட்டையைப் பார்த்து, “வாயைத் திறங்க” என்றாராம்.

மேற்பார்வை மேடம் பறந்து வந்தார். “இது லிஃப்டா, லைப்ரரியா?” என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார். வேலை போய்விடுமோ என்ற பயம் ஒருபக்கம். ஆனால் அந்தக் கதாநாயகி ரயில் ஏறினாளா இல்லையா என்று தெரியாததுதான் பெரிய கவலை.

மறுநாள் மேடம் புத்தகத்தோடு வந்தபோது கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. “என்னைப் பத்தி யாரு எழுதினது?” என்று கேட்டார்.

“அது என்னைப் பத்திங்க மேடம்.”

“உனக்கெல்லாம் கோவிச்சுக்கிட்டுப் போகத் தெரியுமா? அது நான்தான்!”

மூன்று மாடி ஏறும்வரை சண்டை. பிறகு அவரே ஓரிடத்தைக் காட்டி வாசித்தார்: ‘எல்லோருக்கும் கதவு திறந்துவிட்டேன், ஒன்றிலும் நான் நுழையவில்லை.’ “சரி, இது நீதான்” என்றார். பொத்தான்கள் பக்கம் வந்து நின்றுகொண்டு, “போ. பத்து நிமிஷம் நான் பாத்துக்கறேன்” என்றார்.

எட்டாவது மாடியில் இறங்கினேன் அண்ணி. அங்கே ஒரு மொட்டைமாடி இருக்கிறது! ஊரையே மேலே ஏற்றிவிட்டவளுக்கு அது இத்தனை வருஷமாகத் தெரியாது. காற்று, ரயில் பாதை, எங்கள் வீட்டு நீலத் தண்ணீர்த் தொட்டி. தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். நாற்பத்தாறு வயதில் என்னை எனக்கு அறிமுகம் செய்துவைத்தது நீங்கள்தான். எப்படி நன்றி சொல்வேன்?

புத்தகத்தை இத்துடன் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன். அண்ணனுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

என்றும் உங்கள் அன்புள்ள,
நாத்தனார்

பி.கு.: பார்சலை ஒட்டுவதற்குமுன் கடைசிப் பக்கத்தை ஒரே ஒருமுறை பார்க்கலாம் என்று பிரித்தேன். மேடமும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். புத்தகம் வராது அண்ணி. கடையில் இதே நாவலை இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் வருகிறவள் நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் இருவரும் சண்டைக்கு வர மாட்டோம்.