'அவ' யார்?

அக்கா ஹெட்போனைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அதே துண்டை நான்காவது முறையாக ஓடவிட்டாள்.

மொத்தம் பன்னிரண்டு நொடி. முதலில் ஏதோ மோட்டார் சுற்றும் சத்தம். பிறகு ஓர் ஆண் குரல்.

"வந்து... அவ இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுல நிம்மதியா ஒரு வார்த்தை பேச முடியல. என்ன பேசினாலும் நடுவுல பூந்து பதில் சொல்றா. வந்து... ஒரு பத்து நாள் எங்கயாவது கொண்டு போய் விட்டுட்டா..."

அத்தோடு துண்டு முடிந்தது. திரையில் வழக்கமான கேள்வி நின்றது. இதில் வரும் 'அவ' யார்? அதற்குக் கீழே ஐந்து பொத்தான்கள்: மனைவி, மகள், தாய், கருவி, தெரியவில்லை.

அந்த அலுவலகத்தில் அக்காவோடு சேர்த்துப் பன்னிரண்டு பேருக்கு இதுதான் வேலை. ஊரில் பாதி வீடுகளின் ஹாலில் ஓர் உருண்டை உட்கார்ந்திருக்கிறது. மணி கேட்டால் மணி சொல்லும், பாட்டு கேட்டால் பாடும், கேட்காதபோது கேட்டுக்கொண்டிருக்கும். அது கேட்டதையெல்லாம் துண்டு துண்டாக நறுக்கி இங்கே அனுப்பிவிடுவார்கள். அதற்கு எல்லாம் புரிந்துவிடுமாம், 'அவ', 'அவன்', 'அது' மட்டும் புரியாதாம். யாரைச் சொல்கிறார்கள் என்று மனிதர்கள் உட்கார்ந்து கேட்டுக் குறித்துக் கொடுக்க வேண்டும். இதை ஒட்டுக் கேட்பது என்று சொல்லக் கூடாது. தரம் உயர்த்துவது என்று சொல்ல வேண்டும்.

யார் வீடு என்று யாருக்கும் தெரியாது. குரல்களைக்கூட உருமாற்றித்தான் அனுப்புவார்கள். எல்லோரும் ஜலதோஷம் பிடித்த ஒரே ஆள் மாதிரி பேசுவார்கள். ஆனால் மோட்டாரை உருமாற்ற எவனுக்கும் தோன்றவில்லை.

அந்த மோட்டார் நடுவில் இரண்டு முறை விக்கியது. அப்படி விக்கும் மோட்டார் உலகத்திலேயே ஒன்றுதான் இருக்க முடியும். அக்காவின் வீட்டுப் பின்னறையில், பல்செட்டுகளைத் தேய்த்து மழமழப்பாக்கும் மோட்டார். அதை ரிப்பேருக்குக் கொடுங்கள் என்று அக்கா ஆறு மாதமாகத் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போதாததற்கு அந்த 'வந்து'. அவள் வீட்டுக்காரர் பல்செட் செய்கிறவர். மூன்று பல் டாக்டர்களுக்கு வீட்டிலிருந்தே செய்து கொடுக்கிறார். எதைப் பேசினாலும் 'வந்து' என்றுதான் ஆரம்பிப்பார். வருவதற்குள் அக்கா அவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்து, அதற்குப் பதிலும் சொல்லிவிடுவாள். இருபத்திரண்டு வருஷமாக வீட்டில் நேரம் வீணானதே இல்லை என்பது அவளுடைய எண்ணம்.

கொண்டு போய் விட்டுவிடலாமாம். அவள் என்ன பூனைக்குட்டியா?

அவரிடம் நேராகக் கேட்கவும் வழியில்லை. துண்டில் கேட்டதை வெளியே மூச்சுவிட்டால் அன்றைக்கே சீட்டுக் கிழியும் என்று வேலையில் சேரும்போதே எழுதி வாங்கியிருந்தார்கள். கேட்டதைக் கேட்ட காதோடு விட வேண்டும் என்று மற்ற பதினொரு பேருக்கும் பாடம் எடுப்பவளே அவள்தான். அவள் காபி மெஷின் பக்கம் போனால் அங்கே பேச்சு பட்டென்று நின்றுவிடும். அது தன்மேல் இருக்கும் மரியாதை என்று அவள் நம்பியிருந்தாள்.

'மனைவி' என்று தன் கையாலேயே குறிக்க அவளுக்கு மனம் வரவில்லை. 'தெரியவில்லை' என்பதை அழுத்தினாள்.

அழுத்திய பிறகுதான் விதி நினைவுக்கு வந்தது. சீனியர் ஒருத்தி தெரியவில்லை என்று சொன்ன துண்டு, மொத்தக் குழுவின் ஓட்டெடுப்புக்குப் போகும். அந்த விதியைப் போன வருஷம் எழுதிக் கொடுத்ததும் அவள்தான்.

பதினொரு திரைகளில் அவள் வீட்டு மோட்டார் விக்குவதை அக்கா பார்த்தாள். அவளுக்குப் பின்னால் மூலை சீட்டில் இருப்பவள் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அந்த மூலை சீட்டுக்காரி வாயைத் திறந்தால் அதிசயம். ஆனால் 'அவ', 'அது' பிரிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று மூன்று முறை பாராட்டுப் பத்திரம் வாங்கியவள்.

அக்கா சூப்பர்வைசரிடம் ஓடினாள். அந்தத் துண்டில் ஒரே இரைச்சல், தரமே இல்லை, தூக்கிப் போட்டுவிடலாம் என்றாள்.

"இரைச்சலா? நல்லவேளை சொன்னீங்க," என்றார் சூப்பர்வைசர். அவருக்குத் தரம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மலர்ந்துவிடும். "இரைச்சல்னா அதே வீட்டுல இருந்து இன்னும் நூறு துண்டு எடுத்து ஒப்பிட்டுப் பாக்கணும். உடனே வரவழைக்கிறேன்."

அக்கா அதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தாள். ஏற்கெனவே குழம்பிப்போன ஆளுக்கு அதே வீட்டைத் தரக் கூடாதாம், அதுவும் விதியாம். அந்த நூறு துண்டும் மற்றவர்களுக்குப் போனது. மத்தியானம் முழுக்க அவள் பதினொரு முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மூலை சீட்டுக்காரி, யாரும் கேட்காமலே அக்காவுக்கு ஒரு காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அக்கா கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது ஹால் அலமாரியில் இருந்த உருண்டைதான். ஐந்து வருஷம் உழைத்ததற்குக் கம்பெனி கொடுத்த பரிசு. வந்த அன்றைக்கே பிரித்து, திரையில் வந்த முப்பது பக்க நிபந்தனைகளையும் ஒரே தள்ளாகத் தள்ளி, 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தியிருந்தாள். மற்றவர்கள் வீட்டு உருண்டைகளை நாள் முழுக்கக் கேட்கிறவளுக்கு, தன் வீட்டு உருண்டையும் அதே ஜாதி என்று ஒரு நாளும் தோன்றவில்லை. கூடப் பிறந்தவள் மாதிரி 'அவ' என்றுதான் அதைச் சொல்வாள். காலையில் குடை எடுக்கலாமா என்பதைக்கூட, அவகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் என்பாள்.

"நாளைக்கு மழை உண்டான்னு அவகிட்ட கேட்டீங்களா?" என்றாள், பேச்சை எங்கேயாவது ஆரம்பிக்க வேண்டுமே என்று.

"வந்து... அதுகிட்ட எதுக்கு, ஜன்னல்ல எட்டிப் பாத்தா..."

"ஜன்னல்ல பாத்தா நாளைக்கு எப்படித் தெரியும்? சொல்றதை முழுசா கேளுங்க. உங்களுக்கு இந்த வீட்டுல ஏதாவது குறை இருக்கா?"

"வந்து... குறைன்னு..."

"இல்லைங்கறீங்க. அப்ப யாராவது இங்க இருந்து போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுதா?"

"வந்து... அதை அணைச்சுட்டுப் பேசலாமா, ஏன்னா..."

"பேச்சை மாத்தாதீங்க," என்று சொல்லிவிட்டு அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள். 'சொல்றதை முழுசா கேளுங்க' என்பது அவளுடைய முத்திரை வாக்கியம். வீட்டிலும் சரி, அலுவலகத்திலும் சரி, ஒரு நாளைக்கு இருபது தடவையாவது வந்துவிடும்.

மறுநாள் வேறு வழி பார்த்தாள். சாடையாகக் கேட்டதில் பயனில்லை, அன்பு காட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தாள். அவர் மோட்டாரைத் தானே தூக்கிப் போய் ரிப்பேருக்குக் கொடுத்தாள். வேலை பார்க்க மோட்டார் இல்லாததால் மூன்று டாக்டர்களுக்கும் பல்செட் போகவில்லை. மூன்று பேரும் மாறி மாறிப் போன் செய்தார்கள். அவர் 'வந்து' என்று ஆரம்பித்த ஒவ்வொரு முறையும் அக்கா போனைப் பிடுங்கிச் சமாதானம் சொன்னாள். மூன்றாவது டாக்டர், இனிமேல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார். வீட்டுக்காரர் பின்னறையில் போய் உட்கார்ந்துகொண்டார். அலமாரியில் வரிசையாக இருந்த பல்செட்டுகளிடம் அவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வது கேட்டது. அக்கா கதவருகே போனதும் அவர் நிறுத்திவிட்டார்.

அவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் சூட்கேசில் நாலு புடவையைத் திணித்து ஹாலின் நடுவில் கொண்டுவந்து வைத்தாள். வேலை போனால் போகட்டும் என்று ஆகிவிட்டது.

"எங்க கொண்டு போய் விடணுமோ விட்டுடுங்க," என்றாள். "பத்து நாள் எதுக்கு, ஒரேயடியா விட்டுடுங்க. இருபத்திரண்டு வருஷம் உங்க வாயில வராததை எல்லாம் நான்தான் பேசியிருக்கேன். நான் நடுவுல பூந்து பேசறேனாம், நிம்மதி போச்சாம். எனக்கு எல்லாம் தெரியும்."

கையில் பாதி முடிந்த பல்செட்டோடு பின்னறையிலிருந்து வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாய் திறந்தது, 'வந்து' கூட வரவில்லை. அக்கா காத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசுவதற்காக அவள் காத்திருந்தது அதுதான் முதல் முறை.

அந்த அமைதியில் அலமாரி உருண்டை நீல நிறத்தில் மினுக்கியது.

"மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை. நீங்கள் சொல்ல வந்தது இதுவா?" என்றது, யாரும் கேட்காமலே.

வீட்டுக்காரர் மெதுவாகத் திரும்பி உருண்டையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். மறுபடி உருண்டையைப் பார்த்தார். பல்செட் பிடித்த கையாலேயே அதைச் சுட்டிக் காட்டினார்.

"இவளைத்தான் சொன்னேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் முழுதாக முடித்த முதல் வாக்கியம் அது. அக்கா அப்படியே சூட்கேஸ்மேல் உட்கார்ந்துவிட்டாள். சரிதானே? கூப்பிடாமல் வருகிறவள் யார்? நடுவில் புகுந்து பதில் சொல்கிறவள் யார்? இந்தச் சனியனையா கூடப் பிறந்தவள் மாதிரி வைத்திருந்தோம் என்று நினைத்ததும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றாள்.

"வந்து..." என்றார் அவர்.

"சொல்ல வந்தீங்க, நான் விடல. அதானே? சரி, விடுங்க."

அன்றைக்கே உருண்டையின் வயரைப் பிடுங்கி, அட்டைப் பெட்டியில் போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டிப் பரண்மேல் ஏற்றினாள். புடவைகள் பீரோவுக்குத் திரும்பின. அவர் மட்டும் வெகுநேரம் பரணையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், இத்தனை நாள் அதனிடம் எவ்வளவு அவதிப்பட்டிருப்பார் என்று அக்காவுக்கு இரக்கமாக இருந்தது.

மறுநாள் அலுவலகத்துக்கு அரைமணி முன்பே போய்விட்டாள். அந்தத் துண்டைத் தேடி எடுத்து, 'தெரியவில்லை' என்பதை நீக்கிவிட்டு, 'கருவி' என்று கம்பீரமாக அழுத்தினாள். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. உங்கள் விடை குழுவின் முடிவோடு பொருந்தவில்லை. மனைவி: பதினொன்று. கருவி: ஒன்று.

அக்காவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. இத்தனை வருஷம் பாடம் எடுத்து என்ன பிரயோஜனம்? நூறு துண்டு கூடுதலாகக் கேட்டும் ஒருவருக்கும் காது கேட்கவில்லையே. எல்லோரும் வந்து சேர்ந்ததும் எழுந்து நடுவில் நின்றாள்.

"சொல்றதை முழுசா கேளுங்க," என்று ஆரம்பித்தாள். "அந்த மோட்டார் வீட்டுத் துண்டுல பதினொரு பேரும் கண்ணை மூடிக்கிட்டு மனைவின்னு போட்டிருக்கீங்க. யாரோ ஒரு மனுஷன், வாயில்லாப் பூச்சி, பொண்டாட்டியைப் பத்தி அப்படிப் பேசுவாரா? அது உருண்டையைச் சொன்னது. கூப்பிடாம வந்து நடுவுல பேசறது அதுதானே? ஒரு வீட்டைக் கேட்டா அந்த வீட்டு மனுஷங்களைப் புரிஞ்சுக்கணும்."

சிலர் மேஜையைப் பார்த்தார்கள், சிலர் ஹெட்போன் வயரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தார்கள். கடைசியில், வாயைத் திறந்தால் அதிசயம் என்று பேர் வாங்கிய மூலை சீட்டுக்காரி எழுந்து நின்றாள்.

"இல்லக்கா, அண்ணன் அந்த மெஷினை எப்பவுமே 'அது'ன்னுதான் சொல்லுவாரு."