என் பானைச் சில்லில் என் பெயர்

தாசோஸ் தீவில் திராட்சைத் தோட்டத்தோடு சிறப்புற வாழும் மைத்துனர் மெலாந்தோஸ் அவர்களுக்கு, ஏதென்ஸ் குயவர் தெருவிலிருந்து தங்கை கணவன் தெல்லிஸ் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் தங்கை லிசில்லா சுகம். மகன் அரிஸ்தோன் சுகம். சூளையும் சுகம். நான் சுகமா என்பதைப் படித்து முடித்ததும் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். திராட்சை மிதிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் உங்களுக்கு ஒரு அறை உண்டே, அதைக் கொஞ்சம் கூட்டிப் பெருக்கி வையுங்கள். பத்து வருஷத்துக்கு வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

நீங்கள் ஊரைவிட்டுப் போய் வெகுகாலம் ஆனாலும் நம் வழக்கத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஒருவன் ஊரையே விழுங்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டான் என்று தோன்றினால் குற்றச்சாட்டு வேண்டாம், விசாரணை வேண்டாம். ஆளுக்கொரு ஓட்டாஞ்சில்லில் ஒரு பெயரைக் கீறிச் சந்தைவெளியில் கொண்டுபோய்ப் போட வேண்டியது. மொத்தம் ஆறாயிரம் சில்லு சேர்ந்துவிட்டால், யார் பெயர் அதிகமோ அவன் பத்து நாளில் மூட்டை கட்ட வேண்டும், பத்து வருஷம் திரும்பக் கூடாது. வீடு வாசல் அவனுக்கே, மானமும் போகாது. இந்த வருஷம் சில்லுப் போடலாமா என்று குளிர்காலத்தில் சபையில் கேட்டபோது முந்திக்கொண்டு கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். மக்களாட்சி மேல் உள்ள பற்று ஒரு பக்கம். சூளைக்குப் பின்னால் மலையாகக் குவிந்து கிடந்த உடைசல் இன்னொரு பக்கம். வேண்டியவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போகட்டும் என்று கதவைத் திறந்து வைத்தேன். தெலெசோன்தான் போவான் என்று எல்லோரும் நினைத்தோம். இப்போது சபையில் பெரிய வாய் அவனுக்குத்தான். அவன் பேசி முடித்தால் ஸ்பார்ட்டாக்காரன் நம் கொல்லையிலேயே வந்து நிற்கிறான் என்று தோன்றும்.

அப்புறம்தான் சனி பிடித்தது. போன மாதம் நெத்திலி வாங்கச் சந்தைக்குப் போனேன். சபைக்கு ஆள் சேரவில்லை என்று காவலர்கள் சிவப்புச் சாயக் கயிற்றை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு சந்தையைக் கூட்டி அள்ளிக்கொண்டு வந்தார்கள். புதுப் போர்வையில் சாயம், கையில் அத்தியிலையில் கட்டிய நெத்திலி, மனசில் எரிச்சல், இந்தக் கோலத்தில் சபை கூடும் குன்றேறி உட்கார்ந்தேன். தெலெசோன் பேசிக்கொண்டிருந்தான். நம்மோடும் சேராமல் ஸ்பார்ட்டாவோடும் சேராமல் ஒரு சின்னத் தீவு இருக்கிறதாம். கப்பலோடு போய்ப் பணியச் சொல்ல வேண்டுமாம். பணியாவிட்டால் ஆண்களை வெட்டிவிட்டுப் பெண்களை விற்றுவிட வேண்டுமாம். அரிஸ்தோனுக்கு இருபது வயது. துடுப்புப் போடப் போகிறவர்களில் அவனும் ஒருவன். யார் பேச விரும்புகிறீர்கள் என்று கட்டியக்காரன் கேட்டான். ஒரு நாளும் எழுந்திராத நான் நெத்திலியோடு எழுந்து நின்று, “அவங்க நமக்கு என்ன பண்ணுனாங்க?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். யாராவது பதில் சொல்வார்கள் என்று காத்திருந்தார்கள். யாரும் சொல்லவில்லை. தெலெசோன் திட்டியிருந்தால்கூட விஷயம் அன்றைக்கே மறந்துபோயிருக்கும். அவனுக்கும் வாய் வரவில்லை, அதுதான் வினையாகப் போயிற்று. முடிவை ஒத்திவைத்துக் கலைந்தோம். மறுநாள் முதல் தெருவில் ஒருவனும் நின்று பேசவில்லை. என்னிடம் குடம் வாங்க வந்தவர்கள்கூட அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்கள்.

நேற்றுச் சில்லுப் போடும் நாள். நானும் தெலெசோன் பெயரைக் கீறி எடுத்துக்கொண்டு போனேன். சந்தைவெளி வாசலில் ஒரு வாலிபன் கூடை நிறைய எழுதிய சில்லுகளை வைத்துக்கொண்டு, எழுதத் தெரியாதவர்களுக்கும் எழுதச் சோம்பல்பட்டவர்களுக்கும் நீட்டிக்கொண்டிருந்தான். சும்மா ஒன்றை வாங்கிப் பார்த்தேன். ‘தெல்லிஸ்’ என்று இருந்தது. சில்லு என் சூளையில் சுட்ட எண்ணெய்ச் சாடியின் அடிப்பக்கம். எழுத்து என் மகன் எழுத்து. நான் கூலி கொடுத்து ஆசிரியரிடம் அனுப்பிக் கற்றுக்கொடுத்த எழுத்து, மைத்துனரே. பாம்புக்குப் பால் வார்த்தது நம் வீட்டிலேயே என்று நினைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன்.

அரிஸ்தோன் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாற்கோதுமை அடையைத் தின்றுகொண்டிருந்தான். சில்லை அவன் முன்னால் போட்டேன்.

“பெத்த அப்பனையே ஊரவிட்டுத் தொரத்துறியாடா?”

“ஆமாப்பா” என்றான். ஒளிக்கவில்லை. “தெலெசோன் உங்க மேல வழக்குப் போடச் சாட்சி தேடிக்கிட்டிருக்கான். சாமிய நிந்திச்சார்னு சொல்லுவான், எதிரிக்கு ஒத்தாசை பண்ணுனார்னு சொல்லுவான். வழக்குன்னா விஷக் கோப்பை. சில்லுன்னா மாமா வீடு. எது தேவலைன்னு நீங்களே சொல்லுங்க.”

நண்பர்கள் வீட்டுக்கெல்லாம் போய், “எங்கப்பா பேர எழுதுங்கடா” என்று கெஞ்சியிருக்கிறான். அவர்கள் அப்பாக்கள் இவனைக் காறித் துப்பாத குறையாம். ஊர் வெறுக்கிறவன் பெயரைத்தான் சில்லில் எழுதுவார்கள் என்று இத்தனை வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். பிரியத்தாலும் ஒருவன் அதே பெயரைக் கீறலாம் என்று தெரிந்தபோது வெட்கத்தை விட்டு அழுதேன். எதிரியின் ஆயிரம் கப்பலுக்கு அசராத ஊர், ஒரு கேள்விக்கு இப்படிக் கலங்குகிறதே என்றும் அழுதேன். லிசில்லா மட்டும் அழவில்லை. என் துணிமணியை மூட்டை கட்டியபடி, “எங்கண்ணன் வீட்டுலயாவது வாய மூடிக்கிட்டு இருங்க” என்றாள். சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். உங்கள் வீட்டில் உப்பு எங்கே என்றுகூடக் கேட்க மாட்டேன். எண்ணிக்கை இன்று முடிந்துவிடும். கிடைத்த முதல் கப்பலில் வந்து சேர்கிறேன்.

அதீனா தாயார் உங்கள் கொடிகளைக் காக்கட்டும். கடல் தேவன் என் கப்பலைக் கவனித்துக்கொள்ளட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
சொன்ன பேச்சு மீறாத
தெல்லிஸ்

பின்குறிப்பு: கடிதத்தைக் கப்பல்காரரிடம் கொடுக்கப் போகும் வழியில் எண்ணி முடித்துவிட்டார்கள். ஆறாயிரம் சேரவில்லை. பாதிப் பேர் திராட்சைக் கொடிக்கு மண் கொத்தப் போய்விட்டார்களாம். ஆகவே யாரும் எங்கேயும் போக வேண்டியதில்லை. தெலெசோன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான். அப்பனைத் துரத்த முடியவில்லையே என்று அரிஸ்தோன் அழுகிறான், நான் தேற்றிக்கொண்டிருக்கிறேன். எப்படியும் கப்பலேறிவிடச் சொல்கிறான். “தொரத்தியிருந்தா போயிருப்பேன்டா. தானா ஓடிப்போனா அந்தத் தீவுக்காரங்களுக்காக யாருடா கேக்குறது?” என்று சொல்லிவிட்டேன். லிசில்லா மூட்டையை அவிழ்த்துவிட்டாள். அறையைக் கூட்ட வேண்டாம். நாளை மறுநாள் அந்தத் தீவு விஷயம் திரும்பவும் சபைக்கு வருகிறது. அன்றைக்குக் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை, மைத்துனரே. போய்க் கேட்கப் போகிறேன்.