வெங்காய வேரில் சோமு மாஸ்டர் கண்ட முறிவு

கண்டி நகரத்தில் வெங்காயத்தைத் தின்னாமல் காதலித்த ஒரே மனிதர் சோமு மாஸ்டர்தான்.

உண்மையில் அவர் பெயர் சோமு இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நானும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். நான் சரித்திரம், அவர் தாவரவியல். காக்கா என்று எல்லோரும் அழைத்த அலவத்துகொட முஸ்லிம் பெரியவர் ஒருவர் நடத்திய போர்டிங்கில் ஒரே அறை. மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மழையைப் பற்றி ஆரம்பித்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் குரோமோசோமில் வந்து நிற்பார். ஒருநாள் காக்கா என்னைக் குசினிக்குள் இழுத்து, “மாஸ்டர், ஆரு அந்த சோமு? அவருக்கும் சேத்து சோறு வெக்கோணுமா?” என்று கேட்டார். அன்றோடு பெயர் நிலைத்துவிட்டது.

எங்கள் அறையில் தண்ணீர் குடிக்க ஒரு கிளாஸ் கிடையாது. இருந்த கிளாஸ்கள் எல்லாவற்றின் வாயிலும் ஒரு வெங்காயம் குந்தியிருக்கும், தண்ணீருக்குள் வெள்ளைத் தாடி விட்டபடி. அந்த வேரின் நுனியை நறுக்கிச் சாயமிட்டு, பெருவிரலால் நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் வைப்பார். நான் பாதிச் சவரத்தில் நின்றாலும் கழுத்தைப் பிடித்துக் குனிய வைப்பார்.

“இஞ்ச பாரும்! ஒரு செல் ரெண்டாகப் போகுது. நூல் மாதிரி இருக்கிறதுதான் குரோமோசோம். ரெண்டு பக்கமும் சரிசமனாப் பிரியுது. உமக்குள்ளயும் இதுதான் ஐசே நடக்குது!” என்று என் சோப்பு நுரைக் கன்னத்தில் ஓங்கித் தட்டினார்.

எக்ஸ்ரே பட்டால் இந்த நூல்கள் முறியும் என்று ஏதோ சீமைச் சஞ்சிகையில் வாசித்தார். அவ்வளவுதான். மறுநாளே ஒரு பை நிறைய வேர்விட்ட வெங்காயத்தோடு, எக்ஸ்ரே மெசின் வைத்திருந்த தனியார் வைத்தியசாலைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மெசினை இயக்கியவன் அந்தோணி, ஹந்தானைத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்தவன், சிரித்த முகம்.

“வெங்காயத்துக்கு எலும்பு முறிவாங்க சார்?” என்றான். வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த நோயாளிகள் தங்கள் முறிவுகளை மறந்து சிரித்தார்கள். ஆனாலும் படம் பிடிக்கிற மாதிரியே வெங்காயங்களுக்குக் கதிரைப் பாய்ச்சிக் கொடுத்தான்.

அடுத்த நாள் மைக்ராஸ்கோப்பில் குனிந்த மாஸ்டர் போட்ட கூச்சலில் காக்கா அகப்பையோடு ஓடிவந்தார். நூல்கள் முறிந்திருந்தன. சில துண்டுகள் எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் கிடந்தன. சில முறிந்த முனைகள் பிழையான இடத்தில் ஒட்டிக்கொண்டு, இரு பக்கமும் இழுபட்டுப் பாலம் போல நீண்டிருந்தன. இன்றைக்கு டிஎன்ஏ என்கிறார்கள், அதில் அடி விழுந்தால்தான் குரோமோசோம் இப்படிச் சிதைகிறது என்கிறார்கள். அன்று எங்களுக்கு அந்தச் சொல்லே தெரியாது.

ஆடிப்பாடிய மாஸ்டர் திடீரென்று கதிரையில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். “அந்தோணி ஒவ்வொரு நாள் காலமையும் மெசின் வேலை செய்யுதோ எண்டு தன்ர கையை வைச்செல்லோ பாக்கிறான்! நேத்து அவனே சொன்னவன்!”

வைத்தியசாலைக்கு ஓடினோம். அந்தோணியின் விரல்கள் ஏற்கெனவே சிவந்து வெடித்திருந்தன. “படம் கழுவுற மருந்து சார். மத்தபடி அது வெங்காயம், நான் மனுசன்.”

“வெட்டிப் பாத்தால் ரெண்டும் ஒண்டுதான்!”

“யாரை வெட்டப் போறாங்க?” என்று எழுந்த ஒரு நோயாளி, கட்டுப் போட்ட காலோடு வாசலைத் தாண்டிவிட்டார்.

மாஸ்டர் விடவில்லை. வத்தேகமக் கடைகளில் பழைய தேயிலைப் பெட்டிகளின் ஈயத்தகடுகளைச் சேகரித்து, அடுக்கடுக்காக வைத்து ஒரு சோடி கையுறை தைத்தார். போட்டுப் பார்த்த அந்தோணி நண்டு மாதிரி நின்றான். கழற்றவே இரண்டு பேர் வேண்டியிருந்தது.

பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்தோணியின் மனைவி ரோசம்மா ஏழு மாதக் கர்ப்பிணி. தன் பிள்ளையை மெசினில் ஒரு தடவை பார்த்துவிட ஆசைப்பட்டு அவளை அழைத்து வந்திருந்தான். எப்படியோ தெரிந்து மாஸ்டர் பறந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது, வேட்டியை மடித்துக் கட்டி, கதவை மறித்துச் சிலுவை மாதிரி நின்றார்.

“நான் நிக்குமட்டும் அந்தப் பிள்ளையை உள்ள விடமாட்டன்!”

“ஆசைக்கு ஒருவாட்டி சார். என் புள்ளை சார்!” அந்தோணியின் குரல் உடைந்தது.

ரோசம்மா தையல்காரி. அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள்: “ரெண்டு பேரும் சத்தம் போடாதீங்க. அந்த வெங்காயத்தை எனக்கும் காட்டுங்க.”

அவளுக்குக் காட்டலாம் என்று எங்கள் மூவருக்கும் தோன்றவேயில்லை. நான் போய் மைக்ராஸ்கோப்பையும் அந்த வேர் வைத்த கண்ணாடியையும் தூக்கிக்கொண்டு வந்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

“நூலு அறுந்திருக்கு. அறுந்ததைக் கண்ட எடத்துல முடிஞ்சிருக்கு. இந்தத் துண்டை யாருமே எடுத்துக்கல. இது எங்கங்க போகும்?”

மாஸ்டரின் குரல் தணிந்தது. “துலைஞ்சு போகும் பிள்ளை. அந்தச் செல் செத்தும் போகலாம். சாகாட்டில் பிழையோடயே பெருகலாம். வயித்துப் பிள்ளைக்கு என்ன ஆகுமெண்டு எனக்குத் தெரியாது. தெரியாதபடியாத்தான் மறிக்கிறன்.”

ரோசம்மா நிமிர்ந்தாள். கணவனின் வெடித்த விரல்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “வீட்டுக்கு வாங்க,” என்றாள். போய்விட்டார்கள்.

ஈயக் கையுறைகளை அவளே பிரித்து, விரல் மடங்குகிற மாதிரி தைத்துக் கொடுத்தாள். மெசினைச் சோதிக்க அந்தோணி தன் கைக்குப் பதிலாக ஆட்டெலும்பு வைத்தான். அது எங்கள் குசினியிலிருந்து போனது. “வெங்காயம் போச்சு, இப்ப எலும்புமா?” என்று காக்கா தலையில் கைவைத்தார். அந்தோணியின் ஒரு விரல் நுனியை மட்டும் பிறகு எடுக்க வேண்டி வந்தது. மற்றவை தப்பின.

மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தன்று குழந்தையை மாஸ்டரின் கையில்தான் முதலில் கொடுத்தார்கள். ஊரையே அதட்டிய மனிதர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். “பிடியும், என்னைப் பிடியும்,” என்று முணுமுணுத்தார். நான் அவருடைய முழங்கையைத் தாங்கினேன். பூசை முடிந்து எல்லோரும் வெளியே போகும்வரை விடவில்லை.