கால் மணி நேரப் பிசகு

ஜெயசிங்கின் பெயரைச் சிவராமலிங்கம் சிவப்பு மையால் அடித்த வேகத்தில் தாளே கிழிந்துபோனது.

"கிழியட்டும்! இந்த லட்சணத்துல இவன் காலேஜ் லெக்சரராம்!"

அடுப்படியிலிருந்து காந்திமதியம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னைக்கு யாரு மேல?"

"ஒங்கிட்டச் சொன்னாப் புரியாது."

"புரிஞ்சவங்ககிட்டச் சொல்லியும் சண்டையிலதான முடியுது" என்று கணவனிடம் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

சிவராமலிங்கம் சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்து இயற்பியல் வாத்தியார். மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்துக்குப் போன வருடம் முதல் ஒரு வேலையும் கிடைத்துவிட்டது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஒன்றிரண்டு கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியிருந்த காலம். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் போகவேண்டும். இயற்பியல் வாத்தியார்கள் ஆளுக்கொரு புரோகிராம் எழுதிக் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார்கள். ஊசல் ஆடுவதற்கு ஒன்று, செவ்வாய் எங்கே நிற்கிறது என்று சொல்ல ஒன்று, கிரகணம் எப்போது விடும் என்று கணக்குப் போட ஒன்று. யாரிடம் என்ன இருக்கிறது, எது ஒழுங்கான விடை சொல்லும் என்று ஒருவருக்கும் தெரியாது. அதையெல்லாம் வரவழைத்து, ஓட்டிப் பார்த்து, தேறியதை மட்டும் பட்டியல் போடும் பொறுப்பை எல்லோரும் சேர்ந்து இவர் தலையில் கட்டினார்கள்.

போன வருடம் ரோனியோ மெஷினில் நகல் உருட்டிய பட்டியல், இப்போது புத்தகமாக அச்சேறப் போகிறது. அட்டையில் 'தொகுப்பு: சிவராமலிங்கம்' என்று போடுவார்கள். உள்ளே ஒரே ஒரு தப்புப் புரோகிராம் நுழைந்தாலும் மாவட்டமே சிரிக்கும். விடுவாரா?

கிரகணப் புரோகிராம்களுக்கு அவர் ஒரு பரீட்சை வைத்தார். வரப்போகிற சித்திரைச் சந்திர கிரகணம் எப்போது விடும் என்று கேட்பார். வந்த விடையைச் சுவரில் தொங்கும் காலண்டரோடு ஒத்துப் பார்ப்பார். முகம்மது மைதீன் அச்சகத்துக் காலண்டர் அது. ஊரில் பாதிப் பேர் பெண் பார்க்கப் போவதும் கிணறு வெட்டுவதும் அதைப் பார்த்துத்தான்.

காலண்டர் ஏழு முப்பத்தைந்து என்றது. பட்டியலில் முதலில் நின்ற புரோகிராமும் ஏழு முப்பத்தைந்து என்றது. அது சிவராமலிங்கமே எழுதியது. ஜெயசிங்கின் புரோகிராம் மட்டும் ஏழு ஐம்பது என்றது.

மறுநாள் குருவிகுளத்திலிருந்து பெருமாள்சாமி என்ற வாத்தியாரின் கேசட் வந்தது. அதுவும் ஏழு ஐம்பது.

"ஆஹா! கூட்டாச் சேந்து காப்பியடிச்சிருக்கானுவ!"

உடனே ஆளுக்கொரு கார்டு எழுதிப் போட்டார். 'பிள்ளைகள் காப்பியடித்தால் பெஞ்சு மேல் ஏற்றுகிறோம். நம்மை யார் ஏற்றுவது?' கார்டு என்றால் சும்மாவா? தபால்காரர் படித்து, கல்லூரி ஆபீஸில் படித்து, பிரின்சிபால் படித்து, கடைசியில்தான் ஜெயசிங் கைக்குப் போனது. மறுநாளே அவர் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார்.

"நான் காப்பியடிச்சேனாவே? குருவிகுளத்துல பெருமாள்சாமின்னு ஒருத்தர் இருக்காருங்கறதே ஒம்ம கார்டைப் படிச்சுத்தான் எனக்குத் தெரியும்!"

"அப்ப ரெண்டு பேருக்கும் எப்படிவே ஒரே தப்பு வரும்?"

"தப்பா இருந்தாத்தான! ஒம்ம புரோகிராமை நீரு சோதிச்சீரா?"

"இந்த வருசக் காலண்டர் வந்த அன்னைக்கே சோதிச்சாச்சு. நிமிசம் பிசகல! அதோட அருமை அச்சாபீஸ் மைதீனுக்குத் தெரியுது. போன வருசம் பட்டியலைப் பாத்துட்டுக் காலி கேசட்டோட வந்து பிரதி வாங்கிட்டுப் போனாரு. அவருக்கு இருக்க அறிவு தாகம் படிச்ச ஒமக்கு இல்லையேவே!"

ஜெயசிங்குக்கு முகம் சிவந்தது. "சரி, வானத்தைப் பாத்து முடிவு பண்ணுவோம். நீரு தோத்தா?"

"என் புரோகிராமை நானே அடிக்கேன். தொகுப்புன்னு ஒம்ம பேரைப் போடுதேன். போதுமா?"

அதோடு விட்டிருந்தால் விஷயம் இரண்டு பேருக்குள் முடிந்திருக்கும். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று சிவராமலிங்கம் வீடு வீடாகப் போய், "ஏழு முப்பத்தஞ்சுக்குக் கிரகணம் விட்டுரும், எல்லாரும் வெளிய வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். கோடைத் தண்ணீர்ப் பஞ்சம். கிரகணம் விட்டதும் தலை முழுகத் தெருப் பெண்கள் ஆளுக்கு ஒரு குடம் தண்ணீரை அடிபம்பில் மல்லுக்கட்டிப் பிடித்து வைத்தார்கள்.

கிரகணத்தன்று சாயங்காலம் நிலா சிவப்பாக எழுந்தது. தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்த ஜெயசிங், பொட்டலத்தைப் பிரித்து உளுந்த வடையைத் தின்றார்.

"கிரகண நேரத்துல ஏன்வே என் கண்ணு முன்னால திங்கீரு?"

"நான் சர்ச்சுக்குப் போற ஆளு. எனக்கென்ன?"

சிவராமலிங்கத்துக்கும் இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கிரகணம் விடாமல் காந்திமதியம்மாள் சோறு போடமாட்டாள், அவ்வளவுதான். பசி கோபத்தை இன்னும் கிளறியது.

ஏழு முப்பத்தைந்து ஆனது. கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சிவராமலிங்கம் கத்தினார்: "விட்டாச்சு! எல்லாரும் முழுகலாம்!"

வீடுகளுக்குள் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் காந்திமதியம்மாள் ஈரத் தலையோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். நிலாவின் ஓரத்தில் இன்னும் ஒரு கடி பாக்கி இருந்தது.

"இது என்ன?"

"மேகம்."

"சித்திரையில ஏது மேகம்?"

"தலையத் துவட்டு. கண்ணுல தண்ணி நிக்கு."

பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாளும் ஈரச் சேலையோடு வந்துவிட்டாள். "சார்வாள், விடுறதுக்கு முன்னாலயே எங்களை முழுக வச்சிட்டீரே! இனி இன்னொரு குடத்துக்கு எங்க போவேன்? நீரு பிடிச்சுத் தாரீரா?"

அதற்குள் தெருவே கூடிவிட்டது. சிவராமலிங்கம் நிலாவைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "விட்டுத் தொலையேன்!" என்று அதையும் அதட்டினார். அது அவருடைய மாணவன் இல்லை, மெதுவாகத்தான் விட்டது. ஏழு ஐம்பதுக்கு நிலா பளிச்சென்று முழுதாக நின்றது. ஜெயசிங் வடை தின்ற கையைத் துடைத்துக்கொண்டு மணியைப் பார்த்தார். அதைப் பார்க்கச் சிவராமலிங்கத்துக்கு ஆத்திரமாக வந்தது.

"ஒரு கிரகணத்துக்கு ரெண்டு முழுக்கு! வேற எந்த ஊர்லயாவது உண்டா?" என்று காந்திமதியம்மாள் வாசலிலேயே சத்தம் போட்டாள். "குடத்தை எடுத்துக்கிட்டு அடிபம்புக்குப் போங்க. தண்ணி வராம சோறு கிடையாது."

சிவராமலிங்கம் குடத்தை எடுக்கவில்லை. பொறி தட்டியவர்போல உள்ளே ஓடி, காலண்டரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"எல்லாத்துக்கும் காரணம் இந்தச் சனியன்தான்! இதை நம்பியில்லா ஒம்மை அடிச்சேன், பெருமாள்சாமியை அடிச்சேன்! வாரும்வே!"

ஜெயசிங்கை இழுத்துக்கொண்டு அச்சகத்துக்குள் புயலாக நுழைந்தார். பட்டியல் புத்தகத்தின் முதல் பக்கம் அப்போதுதான் மெஷினில் ஏறியிருந்தது.

"நிறுத்தும் மைதீன்! காலண்டராவே போடுதீரு? கால் மணி நேரம் பிசகு! எந்த முட்டாப்பய கணக்குவே இது? அந்தக் கூறுகெட்டவனை இப்பவே எம் முன்னால கொண்டாந்து நிறுத்தும்! அவன் பேரைத் தெருத் தெருவா நாறடிக்கலைன்னா நான் வாத்தியார் இல்ல!"

முகம்மது மைதீன் மெஷினை நிறுத்தினார். மை படிந்த கையைத் துணியில் துடைத்தபடி ஜெயசிங்கை ஒரு தடவை பார்த்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி. வீட்டுக்குப் போங்க. காலையில பேசுவோம்."

"ஏன், ஒமக்குச் சொந்தக்காரனா? இவரு முன்னாலயே சொல்லும்வே! யாரு அவன்?"

"பஞ்சாங்கம் கணிக்கிற ஐயரு போன வருசம் மகனோட பம்பாய்க்குப் போயிட்டாரு அண்ணாச்சி. அதான், ஒங்ககிட்ட வாங்கிட்டுப் போன கேசட்டை மதுரையில மருமவன் கம்ப்யூட்டர்ல போட்டு, இந்த வருசக் கிரகணம் பூராவும் எடுத்தேன்."